வெளியூர்க்காரர் யார்?

கேள்வி: நாங்குநேரிப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் இடைநிலை ஆசிரியை நான். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. குறுவள மையக் கூட்டத்தில், 'உலகக் குடிமை' குறித்து வகுப்பில் ஏதேனும் ஒரு செயல்பாடு நடத்திப் படத்துடன் அறிக்கை அனுப்பும்படி கேட்டிருக்கிறார்கள். மற்ற பள்ளிகளில் பல நாட்டுக் கொடிகளை வரையச் சொல்கிறார்கள், மாறுவேடப் போட்டி வைக்கிறார்கள், சுவரில் எழுதியிருக்கும் சங்கப் பாடல் வரியை ஒப்பிக்கச் சொல்கிறார்கள். என் வகுப்பிலோ இரண்டு தெருப் பிள்ளைகள் தண்ணீர்க் குழாயடியில்கூடச் சேர்ந்து நிற்பதில்லை. சிலர் சாதி அடையாளமாகக் கையில் வண்ணக் கயிறு கட்டி வருகிறார்கள். செங்கல் சூளை வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் குழந்தை ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். அவளை 'இந்திக்காரி' என்று கேலி செய்கிறார்கள். இதற்கிடையில் ஒரு தகப்பனார், "பக்கத்து ஊருக்கே வழி தெரியாத பயலுக்கு உலகம் என்னத்துக்கு டீச்சர்?" என்று கேட்டுவிட்டார். அவருக்கு என்ன சொல்வது, எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு, வணக்கம்.

அந்தத் தகப்பனாரின் கேள்வியைத் தட்டிக்கழிக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் உள்ளவற்றுள் மிக நியாயமான கேள்வி அதுதான். தலைநகரம், நாணயம், கொடி என்று குழந்தைகள் ஒப்பித்து அடுத்த மாதமே மறந்துவிடும் பெயர்ப்பட்டியலைத்தான் நாம் 'உலகம்' என்று இதுவரை கற்பித்து வந்திருக்கிறோம் என்பதால், அவர் அதை வேண்டாத சுமை என்று நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் அவரிடம் நீங்கள் ஒன்றைத் திருப்பிக் கேட்கலாம்: அவருடைய தெருவில், வெளிமாநிலத்துக்கோ வெளிநாட்டுக்கோ பிழைக்கப் போன ஆள் ஒருவர்கூட இல்லாத வீடு எத்தனை இருக்கும்? மும்பையின் தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனவர்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்துக் குடும்பங்கள் பல சிங்கப்பூரில் வேரூன்றியவை. நம் தென்கடலோர மீனவர்கள் ஈரான் வரைக்கும் மீன்பிடி வேலைக்குப் போகிறார்கள் என்பதை, 2020ஆம் ஆண்டின் கொரோனா ஊரடங்கில் அங்கே சிக்கிக்கொண்டவர்களை இந்தியக் கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்தபோதுதான் வெளியே பலர் அறிந்தார்கள். அந்தச் சிறுவன் வீட்டுக்குள் உலகம் எப்போதோ வந்துவிட்டது. அதைப் பாடமாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பது பள்ளிக்கூடம்தான்.

உலகக் குடிமைக் கல்வி என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேலிருந்து வரும் சொற்றொடர்களுக்கு நம் கூட்டங்களில் விளக்கம் தரப்படுவது அரிது. 2015 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் நான்காவது, கல்வி பற்றியது. அதன் ஏழாவது உட்பிரிவு, மனித உரிமை, பாலினச் சமத்துவம், அமைதிப் பண்பாடு, பன்மையை மதித்தல் ஆகியவற்றோடு உலகக் குடிமையையும் 2030க்குள் எல்லா மாணவருக்கும் கற்பிக்க வேண்டும் என்கிறது. அதே ஆண்டில் யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டி, இந்தக் கல்வியை அறிவு, உணர்வு, நடத்தை என்று மூன்றாகப் பிரித்துக் காட்டியது. நம் பள்ளிகளில் நடக்கும் கொடி வரைதலும் ஒப்பித்தலும் முதலாவதன் ஓரத்தைத் தொடுகின்றன. மற்ற இரண்டும் தொடப்படுவதே இல்லை. உங்கள் கடிதத்தில் உள்ள தண்ணீர்க் குழாயும் கயிறும் கேலியும் அந்த மற்ற இரண்டைச் சேர்ந்தவை. ஆகவே அவற்றை உலகக் குடிமைக்குத் தடையாக நிற்கும் உள்ளூர்ச் சிக்கல்கள் என்று நினைக்காதீர்கள். பாடமே அவைதாம்.

ஆசிரியர் பட்டயப் படிப்பில் உளவியலாளர் பியாஜேயின் குழந்தை வளர்ச்சிப் படிநிலைகளைத் தேர்வுக்காக நாம் எல்லோரும் உருப்போட்டிருக்கிறோம். அதே பியாஜே, ஆன்-மரி வெய்ல் என்பவருடன் சேர்ந்து, ஜெனிவாக் குழந்தைகளிடம் அவர்களுடைய ஊர், நாடு பற்றிக் கேட்டறிந்தவற்றை 1951ல் யுனெஸ்கோவின் ஆய்விதழில் எழுதினார். ஏழெட்டு வயதுக்குக் கீழே இருந்த குழந்தைகள் பலர், ஒரே ஆள் ஜெனிவாக்காரராகவும் ஸ்விட்சர்லாந்துக்காரராகவும் இருக்க முடியாது என்றார்கள்; வட்டம் போட்டுக் காட்டச் சொன்னபோது, நாட்டுக்குள் ஊரைப் போடாமல் இரண்டையும் பக்கம் பக்கமாகப் போட்டார்கள். அதைவிட நமக்குப் பயன்படுவது, அயலார் யார் என்று அந்த ஆய்வாளர்கள் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில். நம் நாட்டுக்கு வருகிறவர் அயலார் என்பது சின்னக் குழந்தைகளுக்கும் எளிதாக விளங்கியது; நாம் அவர் நாட்டுக்குப் போனால் அங்கே நாம்தான் அயலார் என்பது பிடிபடப் பத்து, பதினொரு வயது ஆனது. உங்கள் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த வயதை எட்டிக்கொண்டிருப்பவர்கள். தொடக்கப் பள்ளியில் உலகக் குடிமை என்று நான் எதையாவது ஒன்றை மட்டும் கற்பிக்கச் சொல்வதானால், அந்தத் திருப்பிப் பார்க்கும் திறனைத்தான் சொல்வேன்.

பள்ளி முற்றத்தில் ஊர், மாவட்டம், தமிழ்நாடு, இந்தியா, உலகம் என்று ஐந்து வட்டங்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுண்ணாம்பால் போடுங்கள். ஒரு குழந்தையை நடு வட்டத்தில் நிறுத்தி, "நீ இப்போது தமிழ்நாட்டில் நிற்கிறாயா?" என்று கேளுங்கள். சிலர் சட்டென்று மூன்றாவது வட்டத்துக்குத் தாவுவார்கள். தாவட்டும், உடனே திருத்த வேண்டாம். "இங்க நின்னாலே அங்கயும் நிக்கோம்லா" என்று வேறொரு பிள்ளை சொல்லும்வரை காத்திருப்பது நல்லது, ஏனென்றால் ஆசிரியர் சொல்லிக் கேட்பதைவிடக் கூட இருக்கும் பிள்ளை சொல்லிக் கேட்பது அந்த வயதில் ஆழமாகப் பதியும். ஒருவர் ஒரே நேரத்தில் பலவற்றைச் சேர்ந்தவராக இருக்கலாம் என்பதும், ஒன்றைச் சேர்ந்தவர் என்பதால் மற்றொன்றை விட்டுவிட வேண்டியதில்லை என்பதும் அந்த முற்றத்தில் விளங்கிவிட்டால், உலகக் குடிமை என்றால் நாட்டுப்பற்றைக் கைவிடுவது என்று அஞ்சும் பெற்றோருக்கும் அதே வட்டங்களைக் காட்டலாம்.

அடுத்த கட்டத்துக்கு வீட்டிலுள்ள கைப்பேசி போதும். வெளியூரில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவருக்கு, அம்மாவின் வாட்ஸ்அப்பில் குரல்பதிவாகச் சில கேள்விகளைக் குழந்தை அனுப்பட்டும். போன புதிதில் மொழி தெரியாமல் என்ன செய்தீர்கள்? அங்கே உள்ளவர்கள் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? உங்களுக்கு உதவியவர் யார், கேலி செய்தவர் யார்? சித்தப்பாவோ மாமாவோ அனுப்பும் பதிலை வகுப்பில் கேட்கும்போது குழந்தைகள் பெருமையோடுதான் கேட்பார்கள். அப்போது நீங்கள் நிதானமாக ஒரு கேள்வியைப் போடுங்கள்: "துபாயில் உன் மாமா வெளியூர்க்காரரா?" பலரும் இல்லை என்பார்கள். மாமா எப்படி வெளியூர்க்காரர் ஆவார், அவர் நம் ஊர்க்காரர் அல்லவா? ஜெனிவாக் குழந்தைகள் சொன்ன அதே பதில். இதில் அவசரப்பட்டு விளக்கம் சொல்லிவிட்டால் பாடம் கெட்டுவிடும். அந்தக் கேள்வியைக் கரும்பலகையின் மூலையில் எழுதிவைத்து, சில நாட்கள் அப்படியே இருக்க விடுங்கள். வீட்டில் போய்க் கேட்பார்கள், சண்டை போடுவார்கள், திரும்ப வந்து சொல்வார்கள். மும்பைக்குப் போன தாத்தாவை அங்கே 'மதராசி' என்று கூப்பிட்ட கதை ஏதாவது ஒரு வீட்டிலிருந்து நிச்சயம் வரும். தென்னாட்டார் எவரானாலும் அவர்களுக்கு மதராசி, அதேபோல் வடக்கிலிருந்து வந்தவர் எவரானாலும் நமக்கு இந்திக்காரர். இதை நீங்கள் எடுத்துச் சொல்வதற்கு முன்பே ஒடியா பேசும் அந்தச் சிறுமியின் பக்கம் இரண்டொரு தலைகள் திரும்பும்.

ஒரு எச்சரிக்கை. வெளியூர் போன தகப்பன் பணம் அனுப்பாத வீடும், திரும்பி வராத வீடும், ஏமாற்றப்பட்ட வீடும் எல்லா ஊரிலும் உண்டு என்பதால், எல்லாக் குழந்தைகளும் கட்டாயம் பதிவு கொண்டுவர வேண்டும் என்று வைக்காதீர்கள். ஆள் இல்லாத குழந்தை பக்கத்து வீட்டாரைக் கேட்கலாம். நம் மாவட்டத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களைப் பற்றி யாரேனும் கேட்டால், இங்கேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை கிடைக்காதவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதை மறைக்காமல் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுவது போதும்.

இனி அந்தச் சிறுமி. அவளை முன்னால் நிற்கவைத்து 'நம் புது விருந்தாளி' என்று கைதட்டச் சொல்லும் வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அது கேலியைவிடச் சற்றே மரியாதையான ஒதுக்கல், அவ்வளவுதான். அவளுக்குத் தேவை ஒரு வேலை. காலை வணக்கத்துக்குப் பின் வருகையை எண்ணும் முறை அவளுக்கு வரும் நாளில், அவள் தன் மொழியில் ஏக, துயி, தினி, சாரி, பாஞ்ச என்று எண்ணட்டும். மற்றவர்கள் தமிழில் எண்ணும் நாளில் அவளும் தமிழில் எண்ணட்டும். வரும் வாரங்களில் வகுப்பே இரண்டிலும் எண்ணத் தொடங்கிவிடும். ஒடியா இந்தி அல்ல, அதற்குத் தனி எழுத்து உண்டு, 2004ல் தமிழுக்குக் கிடைத்த செம்மொழித் தகுதி 2014ல் அதற்கும் கிடைத்தது என்பதை ஒரு நாள் போகிற போக்கில் சொல்லுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அவள் வயதுக்குரிய வகுப்பில் அமர்வது அவளுடைய உரிமை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் 'எத்தனை நாள் இருக்கப் போகுது' என்று சலித்துக்கொள்ளும் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டிவரும். மழை தொடங்கிச் சூளை நின்றதும் குடும்பம் கிளம்பிவிடக்கூடும். அவள் எதுவரை படித்திருக்கிறாள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தனுப்பினால், அடுத்த ஊரில் அவள் மறுபடியும் 'அ'வில் தொடங்க வேண்டியிராது.

இரண்டு தெருக்களின் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதை அங்கேயே பணிபுரியும் உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அதையொட்டி அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, சாதி அடையாளமாகக் கயிறும் மோதிரமும் நெற்றிக் குறியும் பள்ளிக்குள் கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, மாணவரை அகர வரிசையில் அமர்த்த வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது. கடைசியாகச் சொன்னதை நீங்கள் நாளைக்கே செய்யலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை, யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. காலை உணவுப் பந்தி, தண்ணீர் பிடிப்பது, பெருக்குவது, பரிமாற உதவுவது எல்லாவற்றையும் சீட்டுக் குலுக்கி முறை வையுங்கள். துடைப்பம் எந்தத் தெருப் பிள்ளையின் கைக்கு அடிக்கடி போகிறது என்பதை மட்டும் ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். உலகக் குடிமை உங்கள் வகுப்பில் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு அதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. சாதியைப் பற்றி ஒன்பது வயதுக் குழந்தைகளுக்கு நீளமாகப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த வயதில் பேச்சு ஒரு காதில் வாங்கி மறு காதில் விடப்படும். தினமும் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம் என்பது உடம்பில் தங்கும். கயிற்றை வகுப்பின் நடுவில் அறுக்காதீர்கள். அதைக் கட்டிவிட்டது பெரும்பாலும் வீட்டிலுள்ள அண்ணன், அவனுக்கு அது மானப் பிரச்சினையாகிவிடும். தலைமையாசிரியருடன் சேர்ந்து பெற்றோரை அழைத்துப் பேசுங்கள், கேட்கவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் எல்லாத் தெருக்காரரும் இருக்கும்போது பொதுவான விதியாக வையுங்கள்.

பாடவேளை எங்கே இருக்கிறது என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் பயிற்சி நூல்களுக்கும் பதிவுகளுக்கும் நடுவில் தனிப் பாடவேளைக்கு இடமில்லை, தேவையும் இல்லை. நமக்குக் காலை 9 மணி என்றால் துபாயில் 7.30, சிங்கப்பூரில் 11.30 என்பது நான்காம் வகுப்புக் கணக்கு. மாமா தூங்கிக்கொண்டிருப்பாரா, வேலையில் இருப்பாரா என்று கேட்டால் கழித்தலும் கூட்டலும் தாமாக நடக்கும். குரல்பதிவைக் கேட்டு எழுதுவது தமிழ்ப் பாடம்.

சமூக அறிவியலுக்குக் காலை உணவைவிட நல்ல கருவி கிடையாது. 2022 செப்டம்பரில் தொடங்கி மறு ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த அந்தத் திட்டத்தின் ரவை உப்புமாவையும் சாம்பாரையும் ஒரு நாள் கரும்பலகையில் பிரித்து எழுதுங்கள். ரவைக்கான கோதுமையை மனிதர் முதலில் பயிரிட்டது மேற்காசியாவில். தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை, போர்ச்சுகீசியரின் வணிகக் காலத்தில் நம் கரைக்கு வந்தவை. அதுவரை நம் சமையலுக்குக் காரம் தந்தது மிளகு. பெருங்காயம் இன்றும் பெரும்பாலும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் இறக்குமதியாகிறது. இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் அதைப் பயிரிடும் முயற்சி 2020ல்தான் தொடங்கியது. துவரை, மஞ்சள், கறிவேப்பிலை நம் நாட்டுக்கு உரியவை. பிள்ளைகள் நம்பவே மறுப்பது புளியைத்தான். ஊர்ச் சாலையோரத்தில் தாத்தாவின் தாத்தா காலத்து மரமாக நிற்கும் புளி, பூர்வீகத்தில் ஆப்பிரிக்காவுக்கு உரியது. 'அப்படியென்றால் இது வெளியூர் மரமா?' என்று யாராவது கேட்டால், எத்தனை காலம் இருந்தால் உள்ளூர் ஆகும் என்று அவர்களையே கேளுங்கள். திருநெல்வேலியில் இருந்துகொண்டு சொதியை விட்டுவிட்டீர்களே என்று தோன்றலாம். உருளைக்கிழங்கும் பீன்ஸும் கேரட்டும் தேங்காய்ப்பாலில் கலக்கும் சொதி இந்தப் பாடத்துக்கு இன்னும் பொருத்தம்தான். ஆனால் அது எல்லாச் சமூகத்தார் வீட்டிலும் வைக்கும் குழம்பு அல்ல. வகுப்பில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடும் உணவையே எடுத்துக்கொண்டால், எந்தக் குழந்தையும் தன் வீட்டுச் சமையலைச் சொல்லக் கூச வேண்டியிராது.

நாங்குநேரி வட்டாரத்தில் இருந்துகொண்டு கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தைப் பயன்படுத்தாமல் விடுவது பாவம். இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகள் திபெத், மங்கோலியா போன்ற இடங்களில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு அங்கே வருகின்றன. 1971ல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில் அந்தக் குளம் சேர்ந்த செய்தி 2022ல் வெளியானது. ஆனால் குழந்தைகளிடம் பட்டியலைப் பற்றிப் பேசுவதைவிட, பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்க்காரர்களை அவர்கள் நேரில் பார்த்துக் கேட்பது மேல். எங்கோ பிறந்த உயிருக்காக இங்கே ஒருவர் தன் வெடியை விட்டுக்கொடுக்கிறார்; யுனெஸ்கோ நடத்தை என்று சொல்வது இதைத்தான்.

மாறுவேடப் போட்டியைப் பற்றி உங்களுக்கே ஐயம் இருப்பதால் வெளிப்படையாகச் சொல்கிறேன்: வைக்காதீர்கள். 54 நாடுகள் கொண்ட ஒரு கண்டத்தை, முகத்தில் கரி பூசி இடுப்பில் இலை கட்டி 'ஆப்பிரிக்கா' என்று மேடையேற்றும் அவலம் நம் ஆண்டு விழாக்களில் இன்னும் நடக்கிறது. பசியால் வாடும் வெளிநாட்டுக் குழந்தையின் படத்தைக் காட்டி உண்டியல் வைப்பதும் அதே வகையில் சேர்ந்ததுதான். உலகம் என்றால் நம்மைவிடத் தாழ்ந்தவர்களும் நம்மைவிட உயர்ந்தவர்களும் மட்டுமே என்ற எண்ணத்தை இவை விதைக்கின்றன, அந்த எண்ணத்துக்கு நம் பிள்ளைகள் ஊரிலேயே போதுமான பயிற்சி பெற்றுவிடுகிறார்கள். கொடி வரைவதில் கெடுதல் இல்லை, பயனும் அதிகம் இல்லை. சுவர் வரைபடத்தோடு கூட ஒரு கோளத்தையும் வாங்க முயலுங்கள். பல தட்டை வரைபடங்களில் இந்தியாவைவிடப் பெரிதாகத் தெரியும் கிரீன்லாந்து, உண்மையில் இந்தியாவின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்குதான். சங்கப் பாடல் வரி சுவரிலேயே இருக்கட்டும், சீட்டுக் குலுக்கி முறை வைத்து ஓரிரு மாதம் ஆன பிறகு அதற்குப் பொருள் சொன்னால் போதும்.

அறிக்கைக்கு என்ன எழுதுவது என்பதில் குழம்ப வேண்டாம். குரல்பதிவுகளைக் கேட்டபின் குழந்தைகள் எழுப்பிய கேள்விகளை, அவர்கள் சொன்ன சொற்களிலேயே ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். யார் கேட்டது என்ற பெயர் வேண்டாம். படம் கட்டாயம் என்றால், முற்றத்து வட்டங்களையோ உப்புமாவைப் பிரித்து எழுதிய கரும்பலகையையோ எடுத்து அனுப்பலாம். சூளைக் குழந்தையின் முகம் எந்தப் படத்திலும் வர வேண்டாம், 'பிற மாநில மாணவியுடன்' என்ற தலைப்பில் அது வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவதை அவள் கேட்கவில்லை. கூந்தன்குளத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவதானால் தை, மாசியில் காலை வேளையாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தகப்பனாரையும் துணைக்கு வரச் சொல்லுங்கள்.